ரசீது எண் பன்னிரண்டு

பதினைந்து வேலம்பாளையத்தில்
சைக்கிள் கடை மாடியில் எங்கள் சங்கம்.
ஐம்பது தாள் ரசீதுப் புத்தகத்தில்
தை தொடங்கி வைகாசி முடிய
கிழித்தது பதினொன்று.
அதில் ஒன்று என்னுடையது.
நான் பொருளாளர்,
பகலில் செக்கிங்.

செயலாளர் நாச்சிமுத்தண்ணன்
பஞ்சப்படிக்கு ஊரே நின்ற காலத்தில்
சாக்கைத் தூக்கிக்கொண்டு
தெருத் தெருவாய் அரிசி வாங்கிய பையன்.
இன்றும் எதற்கும் ஒரே வார்த்தை:
"கேட்டுல நிப்போம்."

கேட் எங்கேங்கண்ணா?
நூல் ஒரு வாசல்
சாயம் பெருந்துறையில்
வெட்டு அவினாசி ரோட்டில்
தையல், யாரோ வீட்டுக்கு முன்னால்
தகரம் வேய்ந்த ஷெட்டில்
காஜா பட்டன் அடுத்த சந்தில்
அயர்ன் எங்கேயென்று தெரியாது.
ஒரு பனியனுக்கு ஆறு வாசல்.
ஆறிலும் முதலாளி இல்லை.

கையெழுத்தான சம்பள ஒப்பந்தம்
என் பையில் நாலாய் மடிந்திருக்கிறது.
கைமடி, டேமேஜ், அடுக்கிக் கட்டுதல்,
ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்டுக்கு இத்தனை.
படித்துக் காட்டினால் காண்ட்ராக்டர் சென்னியப்பன்
மரியாதையாகத்தான் கேட்பார்.
"அது கம்பெனிக்குங்க அம்மணி.
நம்முளுது பீஸ் ரேட்டு."

பசந்தி மாஜியின் நகத்தில்
ஓவர்லாக் ஊசி இறங்கியது ஒரு செவ்வாய்.
என் நோட்டில் பேரில்லை என்றார் சென்னியப்பன்.
அவர் ஆளுங்க என்றது கம்பெனி.
நான் சோறு மட்டும் என்றது ஹாஸ்டல்.
துணியின் கழுத்தைப் புரட்டிப் பார்த்தேன்,
லேபிளில் ஏதோ குளிர்நாட்டு ஊர்.
அவள் விரலில் போட்ட மூன்று தையலுக்கு
பீஸ் ரேட் யார் தருவது?

மனு எழுதினேன்.
எழுதத்தானே தெரியும்.

அவளுக்குத் தெரிந்த தமிழ் இரண்டு சொல்.
வந்த அன்றே காதில் விழுந்தது: அர்ஜென்ட்.
முதல் சனிக்கிழமை தானே கற்றது: பத்தாது.
ஆனால் அட்டைப்பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவது
அவளோடு தங்கியிருக்கும் பெண்கள்.
தேதி படிக்க மொழி வேண்டாம்.

வெள்ளி இரவு பத்துக்குத் தூத்துக்குடி லாரி.
ஏழு நாற்பதுக்கு
பதினான்கு பேர் கையை மடியில் வைத்தார்கள்.
கொடி இல்லை, கோஷம் இல்லை.
அந்த ஷெட்டில் ஃபேன் ஓடும் சத்தத்தை
அன்றுதான் கேட்டேன்.

நாற்பது நிமிடம்.
ஆறு வாசலிலும் இல்லாத முதலாளி
எங்கள் சந்துக்குள் காரை விட்டு
திருப்ப இடமில்லாமல் நின்றார்.
ஆஸ்பத்திரிச் செலவு, எட்டு நாள் கூலி,
பீஸுக்கு முப்பது பைசா.
சரி சரி சரி என்றார்,
வாட்சைப் பார்த்துக்கொண்டே.

மைக்செட் கட்டிய ஆட்டோவில்
நாச்சிமுத்தண்ணன் வந்து இறங்கும்போது
மிஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன.
எனக்கே பாவமாக இருந்தது.
அவர் மைக்கைத் தேடவில்லை.
மெதுவாகக் கேட்டார்:
"எழுதி வாங்கினீங்களா கண்ணு?"

யாருக்கும் தோன்றவில்லை.

கார் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.
டெலிவரி சலான் முதுகில்
கார்பன் வைத்து எழுதி
பேனாவை ஜன்னல் வழியாக நீட்டினார்.
அதற்கு மட்டும் அவர் கை நடுங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தாள்.
வசந்தி என்று எழுதினேன்.
இல்லை என்று தலையாட்டி
கட்டுப்போட்ட விரலால் முதல் எழுத்தைத் தொட்டாள்.
அடித்துத் திருத்தினேன்.
ரசீது எண் பன்னிரண்டு,
சந்தா இருபது ரூபாய்,
ப மட்டும் மை கூடி.

ஆடியில் அந்த ஷெட் பூட்டிக் கிடந்தது.
காங்கயம் ரோட்டில் வேறு பேரில் நடத்துகிறாராம்.
பாதிப் பேர் ரயில் ஏறிவிட்டார்கள்.
பதின்மூன்றாம் தாளுக்கடியில்
கார்பன் வைத்தபடியே இருக்கிறது.

நேற்று ராத்திரி போனில் ஒரு படம்.
ஏதோ ஒரு அட்டைப்பெட்டி, அதில் ஸ்டிக்கர்,
பதினெட்டாம் தேதி, தூத்துக்குடி.
கீழே கோணல்மாணலாய்த் தமிழில்
ஒரே ஒரு சொல்:
பத்தாது.